அடிக்கக் கற்கிறோமா, அடிக்காமலிருக்கக் கற்கிறோமா?

கேள்வி இது: ஒன்றரை வயதுக் குழந்தையின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கினால் பளாரென்று அறைகிறது. யாரும் சொல்லித் தரவில்லை. அப்படியானால் வன்முறை பிறவியிலேயே வருவதுதானே? வளர்ப்பு, சினிமா, சுற்றுப்புறம் என்று ஏன் பழி போட வேண்டும்?

குழந்தையைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. அதிலிருந்து "ஆகவே மனிதனைத் திருத்த முடியாது" என்று தாவும்போதுதான் பிசகுகிறது. அடிக்கும் திறன் உடம்போடு வருகிறது. அதை அடக்கும் பழக்கமும், யாரை, எப்போது, எதற்காக அடிக்கலாம் என்ற கணக்கும் பிறகு சேர்கின்றன. ஓர் ஊரில் கொலை அன்றாடச் செய்தியாகவும் இன்னோர் ஊரில் அபூர்வமாகவும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பிறகு சேரும் பகுதியில்தான் இருக்கிறது.

முதலில் குழந்தை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ரிச்சர்ட் திரம்ப்ளே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 572 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைக்கு 17 மாதம் ஆனதிலிருந்து 42 மாதம் வரை அடிப்பது, கடிப்பது, உதைப்பது, தள்ளுவது எல்லாவற்றையும் தாய்மாரிடம் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். 28 சதவீதக் குழந்தைகள் அநேகமாக அடிப்பதே இல்லை. 58 சதவீதம் நடுத்தரம். 14 சதவீதம் ஆரம்பத்திலேயே அதிகம், போகப் போக இன்னும் அதிகம். பொதுவாக இரண்டு வயதுக்கும் மூன்றரை வயதுக்கும் இடையில்தான் மனிதர்கள் வாழ்நாளிலேயே அதிகமாகக் கை நீட்டுகிறார்கள். பிறகு குறைகிறது. கையில் பலமில்லை, ஆயுதமில்லை என்பதால்தான் அந்த வயதில் யாருக்கும் பெரிய காயம் படுவதில்லை.

அதே குழுவினர் மான்ட்ரியல் நகரின் ஏழைப் பகுதிச் சிறுவர்களை ஆறு வயதிலிருந்து பதினைந்து வயது வரை பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வும் உண்டு. அதில் கிடைத்ததை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். ஆறு வயது வரை சாதுவாக இருந்துவிட்டு, பிறகு தொடர்ந்து அடிதடியில் இறங்கிய சிறுவர் கூட்டம் என்று ஒன்றை அவர்களால் காண முடியவில்லை. கடைசி வரை அடிதடியில் இருந்த சுமார் 4 சதவீதத்தினர் முதலிலேயே அப்படித்தான் இருந்தார்கள். மற்றவர்கள் குறைத்துக்கொண்டார்கள், இவர்கள் குறைக்கவில்லை. ஆகவே "இவன் எங்கே இதைக் கற்றான்?" என்று கேட்பதைவிட, "மற்றவர்கள் கற்றதை இவன் ஏன் கற்கவில்லை?" என்று கேட்டால்தான் பயன்.

அந்த 14 சதவீதத்தை முன்கூட்டியே காட்டிய அடையாளங்களில் மர்மம் எதுவும் இல்லை. மிக இளம் வயதில் தாயானவர், கர்ப்பகாலத்தில் புகைத்தவர், தானே பள்ளியில் கட்டுக்கடங்காமல் இருந்தவர். வீட்டில் குறைந்த வருமானம், கணவன் மனைவிக்குள் ஓயாத சண்டை. இவற்றில் சில மரபணு வழியாகவும் சில வீட்டுச் சூழல் வழியாகவும் வேலை செய்கின்றன. பல இரண்டு வழியிலும் வேலை செய்கின்றன.

இங்கே பலரும் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் பொம்மைப் பரிசோதனையை எடுத்துவந்து, "பார், வன்முறை கற்றுக்கொள்வதுதான்" என்பார்கள். 1961-இல் ஸ்டான்ஃபோர்டில் 72 குழந்தைகளை வைத்து நடந்தது. நடந்த விதத்தைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். குழந்தையை ஓர் அறையின் மூலையில் படம் ஒட்டும் வேலையில் உட்காரவைக்கிறார்கள். எதிர் மூலையில் பெரியவர் ஒருவர். அவரருகே ஒரு மரச் சுத்தியலும், அடித்துச் சாய்த்தால் தானே எழுந்து நிற்கும் காற்றடைத்த கோமாளிப் பொம்மையும். ஒரு நிமிடம் மற்ற விளையாட்டுச் சாமானோடு இருந்துவிட்டு, அவர் பொம்மையைக் கீழே சாய்த்து மேலே உட்கார்ந்து மூக்கில் குத்துகிறார், சுத்தியலால் மண்டையில் அடிக்கிறார், தூக்கி எறிகிறார், உதைக்கிறார். பத்து நிமிடம் ஆனதும் குழந்தையை அழகான சாமான்கள் உள்ள வேறு அறைக்குக் கூட்டிப்போகிறார்கள். ஆசையாக எடுத்து விளையாட ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில், "இதெல்லாம் வேறு பிள்ளைகளுக்கு" என்று பறித்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான் கோமாளிப் பொம்மை உள்ள மூன்றாவது அறை. பார்த்ததை அச்சு அசலாகச் செய்தார்கள், அதே சுத்தியல், அதே குத்து.

நடுவில் வந்த அந்தப் பறிப்பைப் பெரும்பாலோர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கோபத்தை ஆய்வாளர்களே மூட்டினார்கள். பெரியவரிடமிருந்து வந்தது அந்தக் கோபத்துக்கு ஒரு வடிவம்: எதை அடிப்பது, எதனால் அடிப்பது, எப்படி அடிப்பது. 1965-இல் பண்டூரா செய்த அடுத்த பரிசோதனை இதைவிடக் கூர்மையானது. பொம்மையை அடித்தவருக்குப் பரிசு, தண்டனை, இரண்டுமில்லை என்று மூன்று முடிவுகளோடு படம் காட்டினார். தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். பிறகு, "படத்தில் அவர் செய்ததைச் செய்து காட்டு, பழச்சாறும் ஒட்டுப்படமும் தருகிறேன்" என்று சொன்னதும் மூன்று கூட்டமும் ஒரே அளவில் செய்து காட்டின. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. தண்டனையைப் பார்த்தவர்கள் தெரிந்ததை உள்ளே வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அடிதடிப் படம் பார்த்த ஒருவன் மறுநாள் யாரையும் அடிக்கவில்லை என்பதால் அவன் எதையும் கற்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் பிரிக்க வேண்டும். வன்முறை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று ஆத்திரம்: முகம் சிவந்து, உடம்பு நடுங்கி, அந்த நொடியில் கை நீள்வது. மற்றது வஞ்சம்: காத்திருந்து, ஆள் சேர்த்து, நேரம் பார்த்துச் செய்வது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே திடீரென்று கடுமையாகத் தூண்டப்பட்டுச் செய்ததைக் கொலை என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்தது. மூளையிலும் இவை பெரும்பாலும் தனித்தனிப் பாதைகள்தான்.

ஆத்திரத்தின் பாதை மிகப் பழையது. ஹைப்போதலாமஸ் என்பது மூளையின் அடியில் உள்ள சிறு பகுதி. 2011-இல் கலிஃபோர்னியாவில் ஒரு குழு, எலியின் ஹைப்போதலாமஸில் குறிப்பிட்ட நரம்பணுக்களை மட்டும் ஒளியால் தூண்டியது. விளக்கு எரிந்ததும் ஆண் எலி பக்கத்திலிருந்த எலியைத் தாக்கியது. பெண் எலியையும் தாக்கியது. ஊதி வைத்த கையுறையைக்கூடப் பாய்ந்து கடித்தது. விளக்கை அணைத்ததும் நின்றது. பிறவிக்கட்சிக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் அதே ஆய்வில், எலி இணைசேர்ந்துகொண்டிருக்கும்போது அதே ஒளி தாக்குதலைத் தூண்டத் தவறியது. கம்பி இழுத்து வைத்திருக்கிறது. மின்சாரம் பாயுமா என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது. மனிதருக்கு இதன் மேல் நெற்றிப்புற மூளை உட்கார்ந்து கடிவாளம் பிடிக்கிறது. அது முழுதாக முதிர இருபத்தைந்து வயது வரை ஆகிறது. பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் குற்றங்கள் உச்சம் தொடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வஞ்சத்தின் வேர் எங்கே என்பதில் சிம்பன்சிகள் நமக்குப் பாடம். தான்சானியாவின் கோம்பேயில் ஜேன் குடால் கவனித்த கூட்டம் இரண்டாகப் பிரிந்து, 1974 முதல் 1978 வரை ஒரு பிரிவின் ஆண்கள் மறு பிரிவின் ஆண்களை ஒவ்வொருவராகக் கொன்றார்கள். சத்தமில்லாமல் எல்லைக்குப் போவார்கள், தனியாக மாட்டியவனைப் பலர் சேர்ந்து அடிப்பார்கள். ஆய்வாளர்கள் உணவு வைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று வெகுகாலம் வாதம் நடந்தது. 2014-இல் 18 சிம்பன்சி சமூகங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 152 கொலைகள் கணக்கில் வந்தன; மனிதத் தலையீடு குறைந்த இடங்களிலும் நடந்திருந்தது. அதே கணக்கில், சிம்பன்சியின் நெருங்கிய உறவான போனோபோ குரங்குகளின் நான்கு சமூகங்களில் சந்தேகத்துக்குரிய ஒரே ஒரு கொலை. சிம்பன்சி, போனோபோ இரண்டும் நமக்குச் சம தூரத்து உறவு. எனவே சிம்பன்சியைக் காட்டி "நாம் இப்படித்தான்" என்பவருக்கு, போனோபோவைக் காட்டி மறுப்பவரும் அதே அளவு நியாயத்தோடு பேச முடியும். மானிடவியலாளர் ரிச்சர்ட் ரேங்கம் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது: மற்ற குரங்கினங்களோடு ஒப்பிட்டால் மனிதருக்கு ஆத்திரம் மிகக் குறைவு, வஞ்சம் மிக அதிகம். முன்பின் தெரியாத நூறு பேரை ஒரே பேருந்தில் நெருக்கி ஏற்றினால் ஒருவரும் ஒருவரைக் கடிக்காமல் இறங்குகிறோம். நூறு சிம்பன்சிகளை வைத்து அதைச் செய்ய முடியாது. ஆனால் போர்ப்படையைக் கட்டுவதும் நாமே.

எலும்புகளை வைத்துப் பேசுவோர் கென்யாவின் நதாருக்கைக் காட்டுவார்கள்: சுமார் 10,000 ஆண்டுப் பழமையான, குறைந்தது 27 பேரின் எச்சங்கள், பலரிடம் தாக்குதலின் அடையாளங்கள். சூடானின் ஜெபல் சஹாபாவில் சுமார் 13,000 ஆண்டுப் பழமையான 61 பேர். முதலில் அது ஒரே போர் என்று நினைத்தார்கள்; 2021 மறு ஆய்வில், ஆறிய காயங்களும் ஆறாத காயங்களும் கலந்திருந்ததால் பல சமயங்களில் நடந்த மோதல்கள் என்று தெரிந்தது. 2016-இல் 1,024 பாலூட்டி இனங்களை ஒப்பிட்ட ஆய்வு, நம் பரம்பரையை மட்டும் வைத்துக் கணித்தால் மனிதச் சாவுகளில் சுமார் 2 சதவீதம் மனிதர் கையால் நிகழும் என்றது. பாலூட்டிகளின் சராசரி 0.3 சதவீதம். ஆக, பாரம்பரியச் சுமை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் வரலாற்றில் அந்த எண் அந்த இடத்திலேயே நிற்கவில்லை, மேலேயும் போயிருக்கிறது, வெகு கீழேயும் வந்திருக்கிறது.

மரபணுவைப் பற்றிச் செய்தித்தாள்கள் செய்யும் தவறு தனி. 1993-இல் நெதர்லாந்தின் ஒரு குடும்பத்தில், எம்.ஏ.ஓ.ஏ என்ற நொதி அறவே உருவாகாத ஆண்களிடம் திடீர் வன்முறை காணப்பட்டது. அது மிக மிக அபூர்வமான குறை. சாதாரணமாக "வீரன் மரபணு" என்று பெயர் வைத்து எழுதுவது வேறொன்று: அந்த நொதியை உருவாக்கும் மரபணுவின் குறைந்த வேக வடிவம். மூன்று ஆண்களில் ஒருவருக்கு அது இருக்கும். மூன்றில் ஒருவர் கொலைகாரர் இல்லை. நியூசிலாந்தின் டுனேடின் நகரில் 442 ஆண்களை வைத்து 2002-இல் வந்த ஆய்வில், இந்த வடிவமும் சிறுவயதில் கொடுமைப்பட்ட அனுபவமும் சேர்ந்தவர்கள் 12 சதவீதம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தின் வன்முறைத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்களுடையது. வடிவம் இருந்து, கொடுமை நடக்காதவர்களிடம் ஆபத்து கூடவில்லை. பிறப்பா வளர்ப்பா என்ற கேள்வி இங்கே அர்த்தமிழந்துபோகிறது. விதைக்குச் சேதம் வந்தது மண்ணில்.

"வன்முறையில் பாதி பரம்பரை" என்ற வாக்கியத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும். இரட்டையர் ஆய்வுகள் தரும் அந்த ஐம்பது சதவீதம், ஒரு குறிப்பிட்ட சமூகத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றியது. உங்கள் கோபத்தில் பாதி தாத்தாவுடையது என்று அதற்குப் பொருளில்லை. ஒரு சமூகத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை.

ஹார்மோன் கதையும் இப்படித்தான். சூரிச்சில் 121 பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அல்லது வெற்று மருந்து கொடுத்துப் பணம் பங்கிடும் விளையாட்டில் உட்காரவைத்தார்கள் (2010). நிஜமாக டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்கள் நியாயமாகப் பங்கிட்டார்கள். எதைப் பெற்றிருந்தாலும், தமக்கு டெஸ்டோஸ்டிரோன் வந்தது என்று நம்பியவர்கள் பேராசையோடு பங்கிட்டார்கள். அந்த ஹார்மோன் மதிப்புக்கான போட்டியைக் கூர்மையாக்குகிறது. எங்கே முறுக்குவதால் மதிப்பு வருமோ அங்கே முறுக்கும், எங்கே கொடுப்பதால் வருமோ அங்கே கொடுக்கும்.

கற்பதன் வலிமைக்கு வருவோம். 1930-இல் சீன விஞ்ஞானி குவோ சிங்-யாங் பூனைக்குட்டிகளை மூன்று விதமாக வளர்த்தார். எலி பிடிக்கும் தாயோடு வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியாக வளர்ந்த 20-இல் 9 கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18-இல் 3 மட்டுமே கொன்றன, அவையும் கூட வளர்ந்த வகை எலியைத் தொடவில்லை. இரை பிடிப்பது சண்டையிலிருந்து வேறானது, அதை நேராக மனிதருக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் தனியாக வளர்ந்தவற்றின் அந்த 9 பிறவிக்கட்சிக்கும், 3 வளர்ப்புக் கட்சிக்கும் ஒரே நேரத்தில் சான்று தருகின்றன. குரங்குகளிலும் பார்த்திருக்கிறார்கள். ரீசஸ் குரங்குகள் சண்டைக்குப் பிறகு சமாதானம் ஆவது அரிது. ரீசஸ் குட்டிகளைச் சமாதானப் பிரியமான கட்டைவால் குரங்குகளோடு ஐந்து மாதம் விட்டார் ஃபிரான்ஸ் டி வால். குட்டிகள் சமாதானம் ஆவது மூன்று மடங்குக்கு மேல் கூடியது. கட்டைவால்கள் போன பிறகும் அந்தப் பழக்கம் நீடித்தது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது கென்யாவின் மசாய் மாரா பபூன் குரங்குகள். ராபர்ட் சபோல்ஸ்கி கவனித்து வந்த ஒரு கூட்டத்தின் பக்கத்தில், சுற்றுலா விடுதியின் குப்பைக் குழி இருந்தது. பக்கத்துக் கூட்டத்தோடு சண்டை போட்டு அங்கே தின்னப் போகும் துணிச்சல் கூட்டத்தின் முரட்டு ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. 1983-இல் குழியில் கிடந்த இறைச்சியிலிருந்து காசநோய் தொற்றி அவை செத்தன. வயது வந்த ஆண்களில் கிட்டத்தட்ட பாதி போயிற்று. மிஞ்சியவை சாதுவான ஆண்களும் பெண்களும். கூட்டம் அமைதியானது. அது ஆச்சரியமில்லை. ஆச்சரியம் பிறகுதான். பபூன் ஆண்கள் பருவம் வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்தில் சேரும். பத்தாண்டுகளில் பழைய ஆண்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. இருந்தவை எல்லாம் வழக்கமான முரட்டுக் கூட்டங்களில் வளர்ந்து வந்தவை. ஆனாலும் அமைதி தொடர்ந்தது. எப்படி? வேறு கூட்டங்களில் புதிதாக வந்த ஆணிடம் பெண்கள் நெருங்கச் சுமார் 63 நாள் ஆகும், பேன் பார்த்துவிட 78 நாள். இங்கே 18 நாளிலும் 20 நாளிலும் நடந்தது. அடி வாங்காத பெண்கள் பதற்றமில்லாமல் இருந்தார்கள், பதற்றமில்லாத வரவேற்பில் வந்தவனும் தணிந்தான். பபூனுக்கே மரபணு மாறாமல் குணம் மாற முடிகிறது.

மனிதரிடம் இதற்கு ஈக்வடாரின் வவோரானி மக்கள் சான்று. அவர்களிடையே சாவுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் ஒருவரையொருவர் பனை மர ஈட்டியால் கொன்றுகொண்டதால் வந்தது. ஒரு கொலைக்குப் பழி, அந்தப் பழிக்குப் பழி. 1956 ஜனவரியில் ஐந்து அமெரிக்க மிஷனரிகளையும் கொன்றார்கள். 1958-இல் இறந்தவர்களில் ஒருவரின் மனைவியும் இன்னொருவரின் சகோதரியும், முன்பு தப்பி ஓடிய வவோரானிப் பெண்களோடு ஊருக்குள் வந்தார்கள். பழி வாங்க யாரும் வரவில்லை. வெளியுலகில் எல்லாரும் ஈட்டியோடு அலைவதில்லை என்ற செய்தியும் கூடவே வந்தது. எதிர்க்குடும்பம் நிறுத்தினால் நாங்களும் நிறுத்தத் தயார் என்ற மனம் எல்லா வீட்டிலும் முன்பே இருந்திருக்கிறது, முதலில் யார் நிறுத்துவது என்பதே சிக்கல். சில ஆண்டுகளில் கொலை சரிந்தது. ஈட்டி எறிந்த அதே ஆட்கள்தான் நிறுத்தினார்கள். புதுத் தலைமுறை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, கேட்டவருக்குக் கையில் ஒன்றரை வயதுக் குழந்தை இருந்தால் என்ன செய்வது? கை ஓங்கியதும், விழுவதற்கு முன் பிடித்து நிறுத்துங்கள். "அடிக்கக் கூடாது, வலிக்கும்." ஒரு வாக்கியம் போதும், நீளமாகப் பேசினால் அந்த வயதுக்கு ஏறாது. அடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள், இல்லாவிட்டால் அடித்தால் எல்லாரும் நம்மைத்தான் பார்ப்பார்கள் என்பது பாடமாகிவிடும். பிறகு அடித்த பிள்ளைக்குச் சொல் கொடுங்கள்: "குடு", "என்னோடது", "வேணாம்". சொல் வரும் வேகத்தில் அடி குறையும். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும்தான் பெரும்பாலும் கை நீளும் என்பதால் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். நூறு தரம் சொல்ல வேண்டியிருக்கும். அது தோல்வியின் அறிகுறி இல்லை, அந்த வயதில் கடிவாளம் கட்டப்படும் வேகமே அவ்வளவுதான்.

நம் வீடுகளில் மூன்று பழக்கங்கள் இதற்கு நேர் எதிராக வேலை செய்கின்றன. குழந்தை தடுக்கி விழுந்தால் பாட்டி தரையைப் பட்டென்று அடித்து, "தரைதானே உன்னைத் தள்ளிச்சு, நீயும் அடி" என்பது அன்பால் செய்வது. ஆனால் வலித்தால் யாரையாவது திருப்பி அடிக்க வேண்டும் என்ற கணக்கை முதன்முதலில் அங்கேதான் போட்டுக் காட்டுகிறோம். இரண்டாவது, "திருப்பி அடிச்சிட்டு வா, இல்லாட்டி வீட்டுக்கு வராதே." மூன்றாவது, "அடியாத மாடு படியாது". 75 ஆய்வுகளையும் சுமார் 1,60,000 குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்த 2016 தொகுப்பில், பெற்றோரிடம் அடி வாங்குவதோடு கூடுதல் முரட்டுத்தனமே சேர்ந்து வந்தது, குறைவு வரவில்லை. முரட்டுப் பிள்ளைக்கு அடி அதிகம் விழுவதால் அப்படித் தெரிகிறதா என்பது நியாயமான சந்தேகம். குழந்தையின் ஆரம்ப முரட்டுத்தனத்தைக் கணக்கில் கழித்துவிட்டுப் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும் அடி வாங்கியவர்களிடம் பிறகு முரட்டுத்தனம் கூடியது. பண்டூராவின் பொம்மையை மறுபடி நினைத்துப் பாருங்கள்: கோபம் வந்தால் பெரியவர் என்ன செய்வார் என்பதற்கு வீட்டிலேயே செய்முறை விளக்கம். பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. வீட்டுக்கு அந்தச் சட்டம் வருவதில்லை.

வயது தாண்டிவிட்டால் முடியாதா என்றால், முடியும். சிகாகோவில் பதின்ம வயதுப் பையன்களுக்கான ஒரு பயிற்சியில் இருவரை ஜோடியாக்கி, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, "30 நொடியில் அதை வாங்கு" என்று மற்றவனிடம் சொல்வார்கள். முறுக்குவான், இழுப்பான், மல்லுக்கட்டுவான். முடிந்ததும் ஒரு கேள்வி: "ஏன் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை?" "கேட்டால் தந்திருக்க மாட்டான்" என்பான் ஒருவன். "தந்திருப்பேன், வெறும் பந்துதானே" என்பான் மற்றவன். அந்தப் பயிற்சி நடந்த காலத்தில் வன்முறைக் கைதுகள் பாதிக்குக் கிட்டக் குறைந்தன. பயிற்சி நின்றபின் அந்தக் குறைவு நிலைக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு லைபீரியாவில் ஒரு பதில் கிடைத்தது. தலைநகர் மன்ரோவியாவில் திருட்டிலும் அடிதடியிலும் இருந்த 999 இளைஞர்களைச் சீட்டுக் குலுக்கி நான்காகப் பிரித்தார்கள்: எட்டு வார உளவியல் பயிற்சி மட்டும், 200 டாலர் மட்டும், இரண்டும், எதுவுமில்லை. பயிற்சியில் கோபம் வரும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனிப்பது, விலகி நடப்பது ஆகியவற்றோடு, முடி வெட்டிக்கொண்டு சுத்தமான உடையில் வங்கிக்கும் கடைக்கும் போய்ப் பேசிப் பழகும் வீட்டுப்பாடமும் உண்டு. பணம் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் நிலைக்கவில்லை. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் நாளடைவில் தேய்ந்தது. இரண்டும் பெற்றவர்களிடம் பத்து ஆண்டு கழித்தும் குற்றம் சுமார் பாதியாகவே இருந்தது. கையில் இருந்த காசு, அவர்கள் உடனே பழைய வேலைக்குத் திரும்பாமல், புதிதாகக் கற்ற நடையைச் சில மாதம் பழகிப் பார்க்க இடம் கொடுத்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.